கேன்வாஸ் கட்டும் மரச்சட்டம்: பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஓவியம் தீட்டும் கேன்வாஸ் தொய்ந்துபோனால் துணியைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பல நேரம் கோளாறு துணிக்குப் பின்னால் இருக்கும். சட்டம் உள்வாங்கியிருக்கும், மூலை விலகியிருக்கும், அல்லது ஃபிரேம் முழுவதுமே முறுக்கிக்கொண்டிருக்கும். துணி ஏறிய பிறகு இவற்றில் எதையும் சுலபமாகச் சரிசெய்ய முடியாது. அதனால் சோதனை எல்லாம் துணி ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு வரும் ஒற்றை மரத்துண்டு சட்டம். நான்கு சட்டங்கள் மூலையில் சேர்ந்தால் ஃபிரேம். முடிந்த ஓவியத்தைச் சுற்றி அழகுக்காக மாட்டும் வெளிச்சட்டம் வேறு சமாச்சாரம், அது இங்கே வராது. சட்டத்தின் அகலம் என்றால் முன்பக்கமாகப் பார்க்கும்போது வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரை உள்ள அளவு. ஆழம் என்றால் சுவரிலிருந்து ஓவியம் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

1. அளவுக்கு ஏற்ற கனம்

ஆழமான ஃபிரேம் என்றால் உறுதியான ஃபிரேம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 38 மி.மீ. ஆழம் பக்கவாட்டில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் இழுத்துக் கட்டிய துணி சட்டத்தை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: உள்நோக்கி, ஃபிரேமின் நடுவை நோக்கி. அந்த இழுப்புக்கு எதிராக நிற்பது சட்டத்தின் அகலம். வளைவை எதிர்க்கும் திறன் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (அகலம் × அகலம் × அகலம்) கூடுகிறது, ஆழத்துக்கோ நேர் விகிதத்தில்தான் கூடுகிறது. 40 மி.மீ. அகலத்தை 50 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அதே பலனை ஆழத்தில் பெற வேண்டுமென்றால் 20 மி.மீ. ஆழத்தை 40 ஆக்க வேண்டும். அகலத்தில் கூடும் 10 மி.மீ., ஆழத்தில் கூடும் 20 மி.மீட்டருக்குச் சமம்.

ஆழம் வீண் என்றும் சொல்ல முடியாது. ஃபிரேம் முறுக்கிக்கொள்ளாமல் காப்பதில் ஆழத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிச்சட்டம் இல்லாமல் மாட்டும் படங்களுக்கு ஆழமான ஓரம் அழகும் கூட. அகலம் குறைந்த, ஆழம் மட்டும் கூடிய சட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, அவ்வளவுதான்.

நீளம் இன்னும் கொடியது. ஒரே கனமுள்ள சட்டத்தின் நீளம் இரண்டு மடங்கானால், அதே இழுப்பில் அதன் நடு 16 மடங்கு உள்வாங்கும். 60 செ.மீட்டரில் அரை மில்லிமீட்டர்கூட வளையாத சட்டம், 120 செ.மீட்டரில் கண்ணுக்குத் தெரியும்படி இடுப்பு ஒடுங்கி நிற்பது இதனால்தான்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். நீண்ட பக்கம் 40 செ.மீ. வரை: 18 மி.மீ. ஆழம், 35 முதல் 40 மி.மீ. அகலம். 80 செ.மீ. வரை: 20 மி.மீ. ஆழம், 45 மி.மீ. அகலம். 80 முதல் 120 வரை: 50 மி.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது, நடுவில் ஒரு குறுக்குச்சட்டமும் வேண்டும். 150 செ.மீட்டரைத் தாண்டினால் 60 முதல் 70 மி.மீ. அகலம், 30 மி.மீட்டருக்கு மேல் ஆழம், இரு திசையிலும் குறுக்குச்சட்டம். லினன் துணியை இழுத்துக் கட்டி விலங்குப் பசை பூசுகிறவர்கள் ஒரு படி மேலே போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். பசை காயும்போது துணி வெகுவாக இறுகும். மெலிந்த ஃபிரேமை அது ஒரே இரவில் முறுக்கிவிடும்.

2. மூலை: விரியக்கூடியதா, நிலையானதா

மூலையை ஒட்டி ஆணியோ ஸ்டேப்ளர் பின்னோ அடித்து நிலையாக்கிய ஃபிரேம் ஒரு வகை. மூலையில் ஒன்றுக்குள் ஒன்று செருகி, பசை இல்லாமல் ஆப்பு வைத்து விரிக்கக்கூடியது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகை ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவியது. அதற்கு முன் ஓவியர்கள் நிலையான ஃபிரேமைத்தான் பயன்படுத்தினார்கள்.

துணி காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இறுகும், தளரும். விரியக்கூடிய மூலை இருந்தால், தளரும்போது ஆப்பை இரண்டு தட்டுத் தட்டி மறுபடி விறைப்பாக்கலாம். நிலையான ஃபிரேமில் பின்னையெல்லாம் பிடுங்கி முதலிலிருந்து கட்ட வேண்டும். பயிற்சிப் படத்துக்கும் 40 செ.மீட்டருக்கு உட்பட்ட சிறிய படத்துக்கும் நிலையான ஃபிரேம் போதும். விற்கப் போகிற படம், பெரிய படம், நீண்ட நாள் இருக்க வேண்டிய எண்ணெய் வண்ணப் படம் என்றால் விரியக்கூடியதையே எடுங்கள்.

3. மரம்

மரத்தின் பெயரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பைன், ஃபிர், ஸ்ப்ரூஸ், பாப்லர், லிண்டன் எல்லாமே நல்ல ஃபிரேம் தரும். எடை குறைவு, பின் சுலபமாக இறங்கும், பிடித்தும் நிற்கும். தேக்கு போன்ற வைரம் பாய்ந்த மரம் உறுதியானதுதான். ஆனால் கனமானது, பின் பாதியில் மடங்கும், அதன் எண்ணெய்ப் பசை துணியில் ஊறும் அபாயமும் உண்டு. மரநாரை அழுத்தி ஒட்டிச் செய்த எம்.டி.எஃப். பலகையை விட்டுவிடுங்கள். அதன் ஓரத்தில் பின் நிற்காது, ஈரம் பட்டால் உப்பும். ரப்பர் மரம் என்றால் மருந்தேற்றியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தேறாத ரப்பர் மரத்தை வண்டு விரும்பித் துளைக்கும். எந்த மரமானாலும் 1 முதல் 2 மி.மீ. அளவு துளைகளும், தட்டினால் மாவு போலக் கொட்டும் பொடியும் தெரிந்தால் அந்தச் சட்டத்தை மற்றவற்றோடு சேர்த்து வைக்கவே கூடாது.

பெயரைவிட முக்கியமானது, மரம் எப்படி அறுக்கப்பட்டது என்பது. சட்டத்தின் வெட்டுமுனையைத் திருப்பிப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் அங்கே கோடுகளாகத் தெரியும். அவை அகலமான முகத்துக்குச் செங்குத்தாக, நெருக்கமாக நின்றால் நல்ல சட்டம். அந்த முகத்தோடு படுத்து, வில்லாக வளைந்து கிடந்தால் சுமார். வளையங்களின் மையப்புள்ளியே முனையில் தெரிந்தால் அது மரத்தின் நடுத்தண்டை ஒட்டி அறுத்தது. எவ்வளவு நேராக இருந்தாலும் வேண்டாம்.

காரணம் சுருக்கம். மரம் காயும்போது நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. வளையத்துக்குக் குறுக்காகக் கொஞ்சம் சுருங்கும், வளையத்தின் போக்கில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். 18 சதவீத ஈரத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கும் 50 மி.மீ. பைன் சட்டம், வளையம் படுத்த மரமென்றால் ஏறத்தாழ 1 மி.மீ. அகலம் இழக்கும். வளையம் நின்ற மரமென்றால் அதில் பாதிதான். நீளம் மாறாமல் அகலம் மட்டும் குறைவதால் 45 பாகைச் சாய்வெட்டு இனி 45 பாகையாக இருக்காது. மூலையின் உட்பக்கத்தில் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி திறக்கும். கடையில் கச்சிதமாகப் பொருந்திய மூலை வீட்டுக்கு வந்ததும் உள்ளே வாய் பிளந்தால், தச்சர் தப்பாக அறுத்தார் என்று பொருள் இல்லை. மரம் காயவில்லை.

கணுக்கள்: சட்டத்தின் அகலத்தில் கால் பங்குக்கும் குறைவான, இறுகப் பிடித்த சிறு கணு பரவாயில்லை. ஓரத்தில் இருக்கும் கணு, கறுத்து உதிரப்போகும் கணு, மூலையிலிருந்து 10 செ.மீட்டருக்குள் வரும் கணு ஆகியவை கூடாது. பைனில் கணுவைச் சுற்றிப் பிசின் கசியும். அது நாளடைவில் துணியில் மஞ்சள் கறையாக ஏறும். வேறு சட்டம் இல்லையென்றால் அந்த இடத்தில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) இரண்டு பூச்சுக் கொடுத்து அடையுங்கள்.

நாரோட்டத்தையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தெரியும் கோடு 30 செ.மீ. நீளத்துக்குள் 2 செ.மீட்டருக்கு மேல் ஓரம் நோக்கிச் சாய்ந்தால், அந்த மரம் பின்னாளில் முறுக்கும்.

சிறு துண்டுகளை விரல் கோத்தது போல இணைத்து ஒட்டிய சட்டங்களும் கிடைக்கும். இவற்றை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வெவ்வேறு துண்டுகள் வெவ்வேறு பக்கம் இழுப்பதால் நீண்ட சட்டம் நேராக நிற்க இது உதவவும் செய்யும். பல் இணைப்பில் நகம் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. இணைப்பு மூலைக் காடியின் (மூலையில் சட்டம் செருகும் பள்ளத்தின்) மேலேயே விழவும் கூடாது. ஆப்பு அடிக்கும்போது அங்கேதான் பிளக்கும்.

4. காய்ந்ததா என்று அறிய

வீட்டுக்குள் மாட்டும் படத்துக்கு 8 முதல் 12 சதவீத ஈரம் உள்ள மரம் பொருந்தும். ஊசி ஈரமானி இருந்தால் முனையில் குத்தாமல் நடுப்பகுதியில் குத்திப் பாருங்கள். முனை எப்போதும் சீக்கிரம் காய்ந்து, பொய் சொல்லும்.

ஈரமானி இல்லையா? சமையலறைத் தராசு போதும். சட்டத்தை வாங்கிய அன்று எடை போட்டுச் சட்டத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். படம் வரையும் அறையிலேயே, சமதரையில், சட்டங்களுக்கு இடையே சிறு குச்சிகளைக் கொடுத்து அடுக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் தன் எடையிலேயே வில்லாகிவிடும். இரண்டு வாரம் கழித்து எடை போடுங்கள். 1000 கிராம் 990 ஆகியிருந்தால் சரி. 950-ஐ நெருங்கினால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. எடை நிற்கும்வரை துணி கட்டாதீர்கள்.

5. நேர் பார்த்தல்

தச்சர் செய்வதைச் செய்யுங்கள்: சட்டத்தின் ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஓரத்தின் வழியே மறுமுனையைப் பாருங்கள். நான்கு ஓரங்களையும் இப்படிப் பார்க்க வேண்டும். இதில் தெரியும் வளைவுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. வெளிப்புறமாக 1 மி.மீ. வளைந்த சட்டத்தைத் துணியின் இழுப்பு நேராக்கிவிடும். உட்புறமாக வளைந்ததை அதே இழுப்பு மோசமாக்கும். வளைந்த சட்டத்தை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் புடைப்பு வெளியே வருமாறு பொருத்த முடிகிறதா என்று பாருங்கள்.

முறுக்கை மன்னிக்க முடியாது. சட்டத்தைக் கண்ணாடி மேசை போன்ற சமதளத்தில் வைத்து நான்கு மூலையையும் மாறி மாறி விரலால் அழுத்துங்கள். டக் டக் என்று ஆடினால் முறுக்கு இருக்கிறது. எத்தனை குறுக்குச்சட்டம் வைத்தாலும், முறுக்கிய ஒரே ஒரு சட்டம் முழு ஃபிரேமையும் தன் பக்கம் இழுத்துவிடும். முடிந்த படத்தைச் சுவரில் மாட்டும்போது ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

6. முன் விளிம்பு

புதியவர்கள் பார்க்கவே பார்க்காத இடம் இது. எனக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதைத்தான் செய்வேன்.

சட்டத்தின் முன்பக்கம் தட்டையாக இருக்கக் கூடாது. வெளி விளிம்பு மட்டும் மேலெழும்பி நின்று, அங்கிருந்து உள்நோக்கிச் சரிந்து போக வேண்டும். துணி அந்த வெளி வரப்பை மட்டுமே தொட வேண்டும். தட்டையாக இருந்தால், தூரிகையை அழுத்தும்போது துணி சட்டத்தின் உள் விளிம்பில் போய் மோதும். ஓவியத்தில் ஓரத்திலிருந்து 4, 5 செ.மீ. உள்ளே நான்கு பக்கமும் ஒரு கோடு தெரியத் தொடங்கும். எண்ணெய் வண்ணத்தில் ஆண்டுகள் கழித்து அதே கோட்டில் விரிசலும் விழும். வண்ணத்தைக் கனமாகப் பூசியும் அந்தக் கோட்டை மறைக்க முடியாது.

சோதிப்பது எளிது. சட்டத்தின் முகத்தில் குறுக்காக ஓர் இரும்பு அடிக்கோலை, வெளி வரப்பில் தாங்கியபடி, தரைக்கு இணையாகப் பிடியுங்கள். உள் விளிம்பில் கோலுக்கும் மரத்துக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். பெரிய படத்துக்கு 5 மி.மீ. நல்லது, ஏனென்றால் பெரிய துணி அதிகம் அமுங்கும். வரப்பின் தலை லேசாக உருண்டிருக்க வேண்டும். கத்தி போலக் கூர்மையாக இருந்தால் மடிப்பில் துணி நூல் அறும். அப்படி இருந்தால் 180 எண் உப்புத்தாளால் இரண்டு முறை தேய்த்தால் போதும். சிலாம்பு ஏதும் நிற்கிறதா என்று பழைய மெல்லிய துணி ஒன்றை ஓரம் முழுக்க இழுத்துப் பாருங்கள். சிக்கும் இடமே சிலாம்பு.

7. மூலைப் பொருத்தம்

ஒரு சட்டத்தின் முனையில் நீண்டிருக்கும் நாக்கு, அடுத்த சட்டத்தின் காடிக்குள் கைவிசையில் இறங்க வேண்டும். சுத்தியல் அடித்தால்தான் இறங்குகிறது என்றால் பின்னால் ஆப்பு வைத்தாலும் விரியாது, காடிச் சுவர் பிளக்கும். தானாகவே நழுவி விழுந்தால் மூலை ஆடும். பாதி பொருத்திய நிலையில் தூக்கிப் பிடித்தால் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், விழக் கூடாது. அதுதான் சரியான இறுக்கம்.

சட்டங்கள் சோடியாக வருபவை. எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து ஒரு முனையைச் சமப்படுத்தி, மறுமுனையை விரலால் தடவுங்கள். அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைக்கூட விரல் சொல்லிவிடும். வெவ்வேறு தயாரிப்பின் சட்டங்களைக் கலக்காதீர்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் காடியின் ஆழம் ஒன்றாக இருக்காது.

8. பொருத்திச் சதுரம் பார்த்தல்

நான்கு சட்டங்களையும் சமதரையில் வைத்துக் கையால் செருகுங்கள். கடைசி ஓரிரு மில்லிமீட்டருக்கு, ஒரு மரத்துண்டை இடையில் கொடுத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். பசை வேண்டாம்.

மூலைமட்டம் மட்டும் போதாது, அது மூலையருகே சில அங்குலத்தைத்தான் பார்க்கும். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள், அவை சமமாக இருக்க வேண்டும். 60-க்கு 80 செ.மீ. ஃபிரேமுக்கு இரண்டும் சரியாக 100 செ.மீ. வரும். 2 மி.மீ. வரை வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்திச் சமமாக்குங்கள்.

அடுத்தது நூல் சோதனை. எதிர்மூலைகளுக்கு இடையே இரண்டு நூல்களை முன்பக்கமாக விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் வெட்டும் இடத்தில் ஒன்றை ஒன்று பட்டும் படாமலும் தொட்டால் ஃபிரேம் சமதளத்தில் இருக்கிறது. இடைவெளி இருந்தால் முறுக்கு. ஒரு மூலை மட்டும் தூக்கியிருந்தால், நடுவில் தெரியும் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு அது தூக்கியிருக்கிறது என்று கணக்கு. மேல் நூல் கீழ் நூலை அழுத்தினால் இடைவெளி தெரியாது, அப்போது நூல்களின் வரிசையை மாற்றிக் கட்டிப் பாருங்கள்.

எல்லாம் சரியென்றால், துணி கட்டும்போது மூலை நகராமல் இருக்க, பின்பக்கத்தில் ஒவ்வொரு மூலைச் சாய்வெட்டின் குறுக்கேயும் ஒரு பின் அடித்து வையுங்கள். துணி கட்டி முடித்ததும் மறக்காமல் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் விரியக்கூடிய ஃபிரேம் நிலையான ஃபிரேமாகிவிடும்.

9. குறுக்குச்சட்டம்

முதலில் வளைவது நீண்ட சட்டங்கள். ஆகவே ஒரே ஒரு குறுக்குச்சட்டம் வைப்பதானால், அது நீண்ட சட்டங்கள் இரண்டின் நடுவையும் இணைக்க வேண்டும், அதாவது குறுகிய பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும். நீளவாட்டில் வைத்தவர்கள் எடையைக் கூட்டியதோடு சரி.

அதன் நீளம் துல்லியமாக இருக்க வேண்டும். 2 மி.மீ. குறைந்தால் நீண்ட சட்டம் அந்த அளவு உள்வாங்கித்தான் அதன்மேல் போய்ச் சாயும். கூடினால் ஃபிரேமின் வயிறு புடைக்கும். துணியிலிருந்து குறைந்தது 6 மி.மீ. பின்தள்ளி இருக்க வேண்டும், இல்லையேல் படத்தின் நடுவிலேயே கோடு விழும். முனைகள் காடியில் செருகி ஆப்பு வைக்கும் வகையாக இருந்தால் உத்தமம். திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் பின்னாளில் அந்தத் திசையில் ஃபிரேம் விரியாது.

10. ஆப்பு

மூலைக்கு 2 வீதம் 8 ஆப்பு, குறுக்குச்சட்டம் இருந்தால் அதற்கும் தனியே. ஒரு மூலையின் இரண்டு ஆப்புகளும் வெவ்வேறு திசையில் தள்ளுகின்றன. அதனால் ஒன்றை மட்டும் ஆழமாக அடித்தால் ஃபிரேம் கோணலாகும். ஆப்பின் நாரோட்டம் நீளவாட்டில் இருக்க வேண்டும். குறுக்காக ஓடினால் இரண்டாவது அடியில் உடையும்.

துணி கட்டிய கையோடு ஆப்பை இறுக்கக் கூடாது. அது பின்னாளைய தளர்வுக்கான கையிருப்பு. அடிக்கும்போது துணிக்கும் சட்டத்துக்கும் இடையே ஓர் அட்டையைச் செருகிக்கொண்டு, நான்கு மூலையையும் சுற்றிச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மென்மையான தட்டு. மூலை 1 முதல் 2 மி.மீ. திறப்பதற்குள் துணி விறைக்க வேண்டும். 3 மி.மீ. தாண்டியும் தொய்வு போகவில்லை என்றால் துணி கட்டியதில்தான் குறை, பிரித்துக் கட்டுங்கள். வெளிச்சட்டத்தோடு இருக்கும் படமென்றால் முதலில் அதிலிருந்து கழற்றுங்கள், விரிய இடம் வேண்டும். வண்ணம் வெடித்துப்போன பழைய படத்தில் ஆப்பைத் தொடவே வேண்டாம்.

கழன்று விழும் ஆப்பு துணிக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கத்தில் அங்கே ஒரு புடைப்பு, பிறகு அதைச் சுற்றி வட்ட விரிசல். ஆப்பின் தலையில் சிறு துளையிட்டு நூலால் ஒரு மூலையின் இரண்டு ஆப்பையும் கோத்துக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஏற்கெனவே துணி கட்டியதை வாங்கும்போது

மேலே சொன்னதில் பாதியைப் பார்க்க முடியாது. திருப்பிப் பிடியுங்கள். காடி இருக்கிறதா, ஆப்புப் பொட்டலம் இணைத்திருக்கிறதா, மூலைச் சாய்வெட்டின் குறுக்கே பின் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். காடியும் ஆப்பும் கொடுத்துவிட்டு மூலையைப் பின் அடித்துப் பூட்டிய ஃபிரேம்கள் நிறைய உண்டு. அந்தப் பின்னை எடுத்தால்தான் ஆப்பால் பயன். பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய அட்டையைச் சட்டத்துக்கும் துணிக்கும் இடையே நுழையுங்கள். வெளி வரப்பு வரை தடையில்லாமல் போனால் முன் விளிம்பு சரிவாக இருக்கிறது. உள் விளிம்பிலேயே நின்றுவிட்டால் தட்டை. கடைசியாக, சமதரையில் கவிழ்த்து வைத்து மூலைகளை அழுத்துங்கள். கடையிலேயே ஆடும் ஃபிரேம் வீட்டில் நிமிராது.